ஃபிஷ் ஃபைண்டர் வேலை செய்யவில்லையா? புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை



நம் அறக்கட்டளைக்கு வாழ்வாதார உதவி கேட்டு வருகிற விண்ணப்பங்களில் தையல் இயந்திரம், தள்ளுவண்டி, ஆட்டோ பழுது ஆகியவற்றோடு கடலோரக் குடும்பங்களின் தேவைகளும் வருகின்றன. கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து முன்பு வலைக்கும் என்ஜினுக்கும் உதவி கேட்டார்கள். இப்போது அந்தப் பட்டியலில் ஃபிஷ் ஃபைண்டரும் சேர்ந்துவிட்டது. "கருவி போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: எது போயிற்று? திரையா, பேட்டரியா, வயரா, தண்ணீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசரா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் புதுக் கருவி வாங்கினால், பழுது பழைய வயரிலேயே இருந்துகொண்டு புதுக் கருவியையும் வேலை செய்ய விடாது. வட்டிக்கு வாங்கிய பணம் வீணாகும். கருவி இல்லாத நாட்களில் மீன் தேடி அலைவதால் எரிபொருளும் வீணாகும். எனவே கரையிலேயே, அதிகச் செலவில்லாமல், ஒவ்வொன்றாகப் பார்க்கக்கூடிய சோதனைகளை வரிசைப்படுத்தி இங்கே தருகிறோம். படகு வைத்திருப்போர் இந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தெரிந்த மீனவ நண்பரிடம் கொடுக்கலாம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மீனைக் கண்டறிய ஒலியைப் பயன்படுத்தும் கருவியை மீனவர்களுக்கு ஏற்ற விலையிலும் அளவிலும் முதலில் செய்தவர்கள் ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள். படகுகளில் மின்விளக்கு வேலை பார்த்துவந்த அவர்கள் 1948-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கைக்கு அடக்கமான கலர் திரையோடு வரும் கருவிகளும் அதே முறையில்தான் இயங்குகின்றன.

படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் கீழ்நோக்கி ஓர் ஒலித் துடிப்பை அனுப்புகிறது. அந்த ஒலி நம் காதுக்குக் கேட்காத அளவு உயர்ந்தது. அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பி வருகிறது. கடல்நீரில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். 15 மீட்டர் ஆழத்தில் தரை இருந்தால் ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தை அளந்து கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. எதிரொலி எவ்வளவு பலமாக வந்தது என்பதைத் திரையில் நிறமாகக் காட்டுகிறது.

ஆக, நான்கு இடங்கள் சரியாக இருந்தால்தான் படம் வரும்: மின்சாரம் தரும் பேட்டரி, அதை எடுத்துச் செல்லும் வயர், ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர், அதைக் காட்டும் திரை. இவற்றில் விலை அதிகமானது திரை. ஆனால் உப்புக்காற்றும் கடல்நீரும் அதிகம் தாக்குவது மற்ற மூன்றையும்தான். எனவே சோதனையை எப்போதும் பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். திரையைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும்.

1. திரையே எரியவில்லை

முதலில் பேட்டரி. நம் கரையில் ஓடும் ஃபைபர் படகுகளில் பல, கயிறு இழுத்துக் கிளப்பும் அவுட்போர்டு என்ஜின் பொருத்தியவை. அந்த என்ஜின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாவிட்டால், பேட்டரியை வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் சார்ஜ் செய்ய வேண்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் கருவி பாதி வழியில் அணைந்துவிடும். உதாரணமாக, 1 ஆம்பியர் இழுக்கும் கருவி 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 7 மணி நேரம் ஓடும். பேட்டரி பழையதாக இருந்தால் அதில் பாதி நேரம்கூட ஓடாமல் போகலாம்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக்கல் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டாலும் போதும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, சார்ஜரிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் கழித்தும் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதில் மிச்சம் அதிகம் இல்லை என்று பொருள்.

பேட்டரியில் சரியாகக் காட்டுவது மட்டும் போதாது. கருவியின் பின்னால் செருகும் இடத்திலும் அளந்து பாருங்கள். அங்கே வோல்ட் குறைந்திருந்தால் இடையில் எங்கோ வயர் அரித்திருக்கிறது. பேட்டரி முனையில் வெள்ளைப் பொடியும் செம்பு வயரில் பச்சைக் களிம்பும் பிடித்திருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். பச்சை பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக முனை பொருத்தி, மேலே வாஸ்லைனோ கிரீஸோ தடவுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றி விடுவது கடலில் நிலைக்காது. டேப்புக்குள் தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமலே அரித்துவிடும்.

அடுத்து ஃபியூஸ். சிவப்பு வயரின் நடுவே சிறு கூட்டுக்குள் இருக்கும். எரிந்துபோயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸையே போட வேண்டும். அவசரத்துக்கு வெள்ளித்தாள் சுற்றுவதும் வயர்த் துண்டை வைப்பதும் கருவிக்கே ஆபத்து, தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. புது ஃபியூஸும் உடனே எரிந்தால் எங்கோ இரண்டு வயர் உரசுகிறது, அல்லது சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃபியூஸ் போட வேண்டாம்.

செல்ஃப் ஸ்டார்ட் உள்ள படகில், என்ஜினைக் கிளப்பும்போது மட்டும் கருவி அணைந்து மீண்டும் எரிந்தால் அது கருவியின் கோளாறு அல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் மின்சாரத்தை மொத்தமாக இழுப்பதால் வோல்ட் இறங்குகிறது. கருவிக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி வைத்தால் இது தீரும்.

2. திரை எரிகிறது, ஆழம் வரவில்லை

டிரான்ஸ்டியூசர் வயரைக் கழற்றிச் செருகும் இடத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கலாம், அல்லது கறுத்திருக்கலாம். மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, உலர விட்டு, நேராகச் செருகுங்கள். வளைந்த ஊசியோடு அழுத்திச் செருகினால் அது உடைந்துவிடும்.

பிறகு வயரின் முழு நீளத்தையும் கையால் தடவிப் பாருங்கள். நங்கூரக் கயிறு அழுத்திய இடம், வலை உரசிய இடம், ஆணியில் மாட்டிய இடம் கைக்குத் தட்டுப்படும். பல கருவிகள் தண்ணீரின் வெப்பநிலையையும் காட்டும். ஆழம் காணாமல்போன அதே நேரத்தில் வெப்பநிலையும் மறைந்தாலோ தாறுமாறாக மாறினாலோ வயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த வயர் சாதாரண வயர் அல்ல. மிக மெல்லிய சிக்னல் இதில் வருகிறது. எனவே நீளம் அதிகமென்று வெட்டிச் சுருக்குவதும், அறுந்ததை முறுக்கி ஒட்டுவதும் படத்தைக் கெடுக்கும். அதிகமுள்ள நீளத்தை அகலமான வளையமாகச் சுற்றிக் கட்டி வையுங்கள்.

அடுத்து டிரான்ஸ்டியூசரின் அடிப்பக்கம். மணலில் படகை இழுத்து ஏற்றும் நம் கரைக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. துறைமுகத்தில் மிதந்துகொண்டே நிற்கும் படகுகளில் பாசியும் கொட்டலசும் டிரான்ஸ்டியூசரில் ஒட்டி ஒலியைத் தடுக்கும். நம் படகுகளில் மணல் உரசி முகம் தேய்கிறது, கீறல் விழுகிறது, தாங்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளைகிறது. கிளாம்ப் சற்றே வளைந்தாலும் ஒலி நேராகக் கீழே போகாமல் சாய்ந்து போகும். எனவே கரையேறும்முன் கழற்றி எடுக்கக்கூடிய கம்பியிலோ மூங்கில் தாங்கியிலோ டிரான்ஸ்டியூசரைக் கட்டுவது நல்லது. கடலில் இறங்கியதும் அலை தாண்டிய பிறகு மாட்டலாம், திரும்பும்போது அலைக்கு முன்பே எடுத்துவிடலாம்.

சுத்தம் செய்ய நல்ல தண்ணீரும் சோப்பும் மென்மையான துணியும் போதும். பெட்ரோல், தின்னர் போன்றவை அதன் பிளாஸ்டிக் முகத்தைக் கெடுத்துவிடும். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது டிரான்ஸ்டியூசர் மீதும் சேர்த்து அடித்துவிடாமல் மூடி வையுங்கள்.

சிலர் டிரான்ஸ்டியூசரைப் படகின் உள்ளேயே ஒட்டி வைப்பார்கள். கெட்டியான ஃபைபர் வழியாக ஒலி போகும், ஆனால் சற்று வலு குறையும். தெர்மோகோல், மரம், காற்றுக்குமிழி வழியாக ஒலி சரியாகப் போகாது. மிதப்புக்காகத் தெர்மோகோல் நிரப்பிய இடத்தின் மேல் ஒட்டினால் எந்தக் கருவியும் ஆழம் காட்டாது. ஒட்டும்போது பசைக்குள் குமிழி நின்றுவிட்டாலும் அதே கதைதான்.

3. கரையிலேயே மீன் காட்டுகிறது

இதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நடப்பதுதான். படகு மணலில் நிற்கும்போதே திரையில் ஆழமும் மீனும் ஓடிக்கொண்டிருந்தால் கருவி டெமோ நிலையில் இருக்கிறது. கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கும் பொய்ப் படம் அது. சில கருவிகள் டிரான்ஸ்டியூசர் மாட்டியிருப்பது தெரியாவிட்டால் தாமாகவே இந்த நிலைக்குப் போய்விடும். மெனுவில் டெமோ அல்லது சிமுலேட்டர் என்று இருப்பதை நிறுத்துங்கள். நிறுத்தியும் மீண்டும் அந்த நிலைக்கே போனால் டிரான்ஸ்டியூசர் இணைப்பைப் பாருங்கள். இந்தப் படத்தை நம்பி நடுக்கடலில் வலை விட்டால் ஒரு நாள் உழைப்பு போய்விடும்.

4. நின்றால் காட்டுகிறது, ஓடினால் காணவில்லை

காரணம் பெரும்பாலும் காற்றுக்குமிழி. ஒலிக்குக் காற்று ஒரு சுவர் மாதிரி. படகு வேகமாகப் போகும்போது டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு அடியில் நுரை ஓடினால் ஒலி கீழே இறங்காது. படகின் அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், புரொப்பெல்லருக்கு மிக அருகில் கட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். புரொப்பெல்லரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, படகின் அடித்தளத்தைவிடச் சற்றே தாழ்வாக, முகம் தரைக்குச் சமமாக இருக்கும்படி மாற்றிக் கட்டுங்கள். இடத்தை முடிவுசெய்து துளை போடும்முன் தற்காலிகமாகக் கட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது நல்லது.

5. திரை முழுதும் கோடும் புள்ளியும்

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தண்ணீரில் படகை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். பிறகு என்ஜினைக் கிளப்பி, கியர் போடாமல் மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். அதன் பிறகு கியர் போடாமலே வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

என்ஜின் அணைந்திருக்கும்போது சுத்தமாக இருந்த திரையில், வேகம் கூடக் கூடக் கோடுகளும் கூடினால், என்ஜினின் மின்சாரம் கருவிக்குள் புகுகிறது. கருவியின் வயரையும் என்ஜின் வயரையும் ஒரே கட்டாகக் கட்டாமல் தள்ளி வையுங்கள். தனிப் பேட்டரி இங்கேயும் உதவும். என்ஜின் அணைந்திருக்கும்போதே கோடு வந்தால் வயர்லெஸ், மொபைல் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். படகு ஓடும்போது மட்டும் வந்தால் அது முன்சொன்ன நுரைப் பிரச்சினை.

பக்கத்துப் படகில் இதே அலைவரிசையில் ஓடும் கருவியும் உங்கள் திரையில் கோடு போடும். படகு விலகியதும் அது மறைந்துவிடும். கோடுகளைக் குறைக்க மெனுவில் ஒரு வசதி இருக்கும். ஆனால் அதை முழுதாகக் கூட்டினால் சிறு மீன்களின் அடையாளமும் சேர்ந்து அழிந்துவிடும்.

6. ஆழம் தப்பாகக் காட்டுகிறது

முதலில் அலகைப் பாருங்கள். மீட்டர், அடி, ஃபேதம் என மூன்று அளவிலும் கருவி காட்டும். ஃபேதம் என்பது ஆறடி, நம் மீனவர்கள் சொல்லும் பாகத்துக்கு ஏறக்குறையச் சமம். திரையில் 10 என்று இருந்தால் அது 10 மீட்டரா, 10 அடியா, 10 பாகமா என்பது பெரிய வித்தியாசம். 10 பாகம் என்றால் சுமார் 18 மீட்டர்.

இரண்டாவது, ஆழம் குறைந்த இடத்தில் ஒலி தரைக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே இரண்டு முறை போய் வந்து இரட்டைத் தரையைக் காட்டும். 8 மீட்டரில் ஒரு தரை, 16 மீட்டரில் மங்கலாக இன்னொரு தரை தெரிந்தால் மேலே இருப்பதுதான் உண்மை. கருவியின் உணர்திறனைக் கொஞ்சம் குறைத்தால் கீழே உள்ளது மறையும்.

உறுதி செய்ய நம் முன்னோர் வழியே சிறந்தது. கயிற்றில் ஈயக்கட்டி கட்டி, பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, படகை நிறுத்தி இறக்கிப் பாருங்கள். முடிச்சுக் கணக்கும் திரைக் கணக்கும் ஒத்துப்போனால் கருவி நலமாக இருக்கிறது. டிரான்ஸ்டியூசர் நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அந்த அளவு வித்தியாசம் இருப்பது இயல்பு.

7. மீன் இருக்கிறது, கருவி காட்டவில்லை

இது பல நேரம் பழுதே அல்ல. கருவி தன் அடியில் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். ஒலி கூம்பு வடிவில் விரிந்து இறங்குகிறது. 20 டிகிரி விரியும் டிரான்ஸ்டியூசர், 15 மீட்டர் ஆழத்தில் சுமார் 5 மீட்டர் அகலமுள்ள வட்டத்தைத்தான் பார்க்கும். பத்து மீட்டர் தள்ளிப் போகும் கூட்டம் அதற்குத் தெரியாது.

200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை ஆழம் குறைந்த கடலில் தெளிவாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கு ஏற்றது, அகலமாக விரியும், ஆனால் துல்லியம் குறைவு. கரையோரம் தொழில் செய்பவர் 50-இல் வைத்துக்கொண்டு படம் தெளிவில்லை என்று குறைபட்டுப் பயனில்லை.

மீன் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. சுறாவுக்கும் கணவாய்க்கும் காற்றுப்பை கிடையாது. அதனால் அவை மங்கலாகவே தெரியும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீன் தரையின் எதிரொலியிலேயே கலந்துவிடும். நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன் கூட்டம் தனித்தனியாகத் தெரியாமல் மேகம் போலத் தெரியும். மீன் பொம்மை போட்டுக் காட்டும் வசதி கருவியின் ஊகம் மட்டுமே. மிதக்கும் குப்பைக்கும் குமிழிக்கும்கூட அது மீன் பொம்மை போடும். அதை நிறுத்திவிட்டு நேரடிப் படத்தைப் படிக்கப் பழகுங்கள். நின்ற படகின் அடியில் மீன் ஒரே இடத்தில் நின்றால் திரையில் நீண்ட கோடாகத் தெரியும். நீளமான கோடு என்றால் நீளமான மீன் என்று பொருள் அல்ல.

அமைப்புகளை மாற்றி மாற்றிக் குழம்பிவிட்டால் மெனுவில் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கும். ஜி.பி.எஸ். சேர்ந்த கருவியாக இருந்தால் அதற்கு முன், சேமித்து வைத்த இடங்களின் எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சில கருவிகளில் அவையும் அழிந்துவிடும்.

கடைக்குப் போகும்முன்

மேலே சொன்னவற்றைப் பார்த்தும் தீரவில்லை என்றால் ஒரே ஒரு சோதனை பாக்கி. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் டிரான்ஸ்டியூசரை உங்கள் திரையில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் உங்கள் திரை நலம், டிரான்ஸ்டியூசரை மட்டும் மாற்றினால் போதும். அது தனியாகக் கிடைக்கும். நண்பரின் டிரான்ஸ்டியூசரிலும் படம் வராவிட்டால்தான் திரையைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைக்கு எடுத்துப் போகும்போது திரை, டிரான்ஸ்டியூசர், வயர், ஃபியூஸ் கூடு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். பிரச்சினை வரும் நேரத்தில் திரையை மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கரையில் வேலை செய்யும் கருவி கடலில் ஏன் கெடுகிறது என்பதை மெக்கானிக் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். பில்லையும் வாரன்டி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டியைத் திறந்தால் வாரன்டி போய்விடும் என்பதால் திரையை நீங்களே பிரிக்க வேண்டாம்.

தினமும் கரை திரும்பியதும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கருவியையும் டிரான்ஸ்டியூசரையும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, இணைப்புகளுக்கு மூடி போட்டு, திரையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். விசைப்படகில் வேலை செய்யும் சகோதரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வயர்களை முழுதாக மாற்ற ஏற்ற நேரம்.

கருவியோடு முடிந்துவிடவில்லை

மீன் எங்கே கூடும் என்பதை அறிய வேறு உதவிகளும் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பநிலையையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது, அலை உயர எச்சரிக்கையும் தருகிறது. நமக்குப் பக்கத்தில் தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய தகவல்களை மீனவர் மொபைலுக்குக் கொண்டுவரும் செயலியை உருவாக்கியிருக்கிறது. அந்த அறிவிப்பு எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்லும். போன இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று ஃபிஷ் ஃபைண்டர் சொல்லும். நீரின் நிறத்தையும் பறவைகளின் போக்கையும் பார்த்துச் சொல்லும் பெரியவர்களின் அனுபவம் இரண்டுக்கும் துணை.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கருவி கடலுக்கு அடியில் பார்க்கும், கடலின் கோபத்தைப் பார்க்காது. லைஃப் ஜாக்கெட்டுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் வானிலை எச்சரிக்கைக்கும் இது மாற்று அல்ல.

எங்களிடம் உதவி கேட்டு வருபவர்கள் மேலே உள்ள சோதனைகளைச் செய்து, எந்தப் பாகம் பழுது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். டிரான்ஸ்டியூசர் மட்டும் தேவை என்றால் அதற்கு மட்டும் உதவினால் போதும். மிச்சமாகும் தொகை, இன்ஷா அல்லாஹ், இன்னொரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.